பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டு

2011-இல் ஒரு சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு போன் வந்தது.

"மிஸ், உள்ள விட மாட்டேங்கிறாங்க. பாஸ்போர்ட் நம்பர் வேறயா இருக்காம்."

திருக்கழுக்குன்றத்துப் பெண். தனியார் மருத்துவமனை ஒன்றில் இரவுப் பணி பார்த்துவிட்டு, பஸ் பிடித்து செங்கல்பட்டு வந்து, ரயில் நிலையத்துக்கு அருகில் இருக்கும் என் மாடி அறையில் நான்கு மாதம் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுக்குப் படித்தவள். முதல் நாள் அவள் கொடுத்த பாஸ்போர்ட் ஜெராக்ஸை வைத்துக்கொண்டு பதிவுப் படிவத்தை நிரப்பியது நான்தான். நடுவில் பழைய பாஸ்போர்ட்டின் காலம் முடியப்போகிறது என்று புதுப்பித்திருக்கிறாள். புதுப் புத்தகத்துக்குப் புது எண். அது என்னிடம் சொல்ல வேண்டிய செய்தி என்று அவளுக்குத் தோன்றவில்லை, கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. தேர்வு நாளில் புதியதைக் கையில் எடுத்துக்கொண்டு சென்னை ஓட்டல் ஒன்றின் மண்டபத்து வாசலில் நின்றாள். பழையது திருக்கழுக்குன்றத்து வீட்டு பீரோவில் கிடந்தது.

தேர்வுக் கட்டணத்துக்கு அவள் அம்மா இரண்டு வளையலை அடகு வைத்திருந்தார். அடுத்த முறைக்கான கட்டணத்தை நான் கட்டினேன். அந்தப் படிவத்தில் இருந்தது என் கையெழுத்து. அவள் ஆங்கிலத்தில் ஒரு குறையும் இல்லை. மூன்று மாதம் கழித்து எழுதி நான்கு பிரிவிலும் 7 வாங்கினாள். ஆனால் அந்த மூன்று மாதத்தில் வெளிநாட்டில் அவளுக்கென்று ஒதுக்கியிருந்த இடம் வேறு ஒருத்திக்குப் போய்விட்டது.

அன்றிலிருந்து என் வகுப்பில் முதல் நாள் யாரும் புத்தகத்தைத் திறப்பதில்லை. பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டு என்பதுதான் நான் சொல்லும் முதல் வாக்கியம். எண், காலாவதி நாள், பெயரின் எழுத்துகள், பிறந்த தேதி, ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் படிக்கச் சொல்வேன். பதிவு செய்த பாஸ்போர்ட்டும் கையில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும், தேர்வு நாளில் அது காலாவதி ஆகியிருக்கக் கூடாது. ஆதார் செல்லாது, ஓட்டுநர் உரிமம் செல்லாது, ஜெராக்ஸ் செல்லாது, போனில் இருக்கும் படம் செல்லாது. நடுவில் புதுப்பித்தால் அன்றைக்கே சொல், தேர்வு மையத்துக்கு எழுதி எண்ணை மாற்றிவிடலாம். இதைச் சொல்ல ஒரு முழு வகுப்பு ஆகிறது. சில பெற்றோர் சங்கடப்படுவார்கள். "கிராமர் எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று கேட்பார்கள். அடுத்த வாரம் என்பேன்.

பாஸ்போர்ட்டில் எண்ணைவிடப் பெரிய சிக்கல் பெயர். ஆங்கிலப் படிவம் குடும்பப் பெயர் ஒன்று, சொந்தப் பெயர் ஒன்று என்று இரண்டு பெட்டி போட்டு வைத்திருக்கிறது. நம்மிடம் இருப்பது ஒரு பெயரும் ஒரு முன்னெழுத்தும். மு. செல்வி என்றால் முருகன் மகள் செல்வி, அவ்வளவுதான். செல்விக்குக் கல்யாணம் ஆனால் முன்னெழுத்து மாறலாம், மாறாமலும் இருக்கலாம். பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்ப் பெட்டி காலியாக, கீழே 'செல்வி முருகன்' என்று சேர்த்து.

அந்தக் காலிப் பெட்டியைப் பார்த்து வெட்கப்படும் பிள்ளைகளுக்கு நான் ஒரு செய்தி சொல்வேன். 1929 பிப்ரவரியில் இதே செங்கல்பட்டில்தான் முதல் சுயமரியாதை மாநாடு நடந்தது. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போட்டுக்கொள்வதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அந்தப் பெட்டி காலியாக இருப்பதற்கு நம் ஊரில் எடுத்த ஒரு முடிவும் காரணம். அதில் குறைவாக எண்ண எதுவும் இல்லை. ஆனால் அதை எப்படிக் கையாள வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

படிவத்தை நிரப்பும் கம்ப்யூட்டர் சென்டர்க்காரர் காலிப் பெட்டியைக் கண்டதும் தாமாக எதையாவது போட்டுவிடுவார். அப்பா பெயர், ஊர்ப் பெயர், சில சமயம் வெறும் முன்னெழுத்து. பிறகு மதிப்பெண் சான்றிதழில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், பல்கலைக்கழகக் கடிதத்தில் ஒரு பெயர் என்று மூன்று ஆள் ஆகிவிடுவோம். பாஸ்போர்ட்டில் எந்த வரியில் என்ன இருக்கிறதோ அதுவே பதிவிலும் வர வேண்டும். காலி வரிக்கு என்ன செய்வது என்று மையத்திடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி, அந்த மின்னஞ்சலைப் பத்திரமாக வை. முடிந்தால் பாஸ்போர்ட்டிலேயே பெயரைப் பிரித்து வாங்கிவிடு. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிக்க மாட்டோம் என்று அறிவித்த பிறகு, இதை நான் இன்னும் அழுத்திச் சொல்கிறேன்.

பேச்சுத் தேர்வின் தொடக்கமும் பெயர்தான். தேர்வாளர் முழுப் பெயரைக் கேட்பார், அடுத்து உங்களை எப்படிக் கூப்பிடட்டும் என்பார், பிறகு பாஸ்போர்ட்டைக் காட்டச் சொல்வார். இந்த மூன்றுக்கும் மதிப்பெண் கிடையாது. ஆனால் எத்தனையோ பேர் இரண்டாவது கேள்வியிலேயே தடுமாறி, அந்தப் படபடப்பை 14 நிமிடமும் சுமந்ததைப் பார்த்திருக்கிறேன். முழுப் பெயரை இப்போதுதான் சொன்னோமே, இது என்ன கேள்வி என்று குழம்பிவிடுகிறார்கள். வீட்டில் உன்னை எப்படிக் கூப்பிடுவார்களோ அதைச் சொல் என்பேன். ஒரு பெண் "பாப்பா" என்று சொல்லிவிட்டு வந்தாள். தேர்வாளர் கடைசிவரை அவளைப் பாப்பா என்றே அழைத்தாராம். பயமே இல்லாமல் பேசினேன் மிஸ் என்றாள்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2014 பிப்ரவரியில் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி வெளிக்கொண்டு வந்ததைச் சொல்வேன். லண்டனில் டோயிக் என்ற வேறொரு ஆங்கிலத் தேர்வில், பணம் கொடுத்தவருக்குப் பதிலாக இன்னொருவர் உட்கார்ந்து பேசுவதையும் விடைகளை வாசித்துக் காட்டுவதையும் மறைகேமராவில் பிடித்தார்கள். பிறகு பிரிட்டிஷ் உள்துறை எடுத்த நடவடிக்கையில் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் விசா பறிபோனது. நேர்மையாக எழுதியவர்களும் அதில் மாட்டிக்கொண்டு வருடக்கணக்கில் நீதிமன்றம் ஏறினார்கள். அவர்களில் நம் நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. வாசலில் படம் எடுப்பதும் விரல் ரேகை எடுப்பதும் உன்னைச் சந்தேகிப்பதற்கு மட்டும் என்று நினைக்காதே, நாளைக்கு எழுதியது நீதான் என்று நிரூபிக்க உனக்கு இருக்கும் சாட்சியும் அதுதான் என்பேன். கேள்வித்தாளை முன்பே தருகிறோம், தேர்வே எழுதாமல் சான்றிதழ் வாங்கித் தருகிறோம் என்று போனில் வரும் செய்திகளை வகுப்பிலேயே எல்லோர் முன்னாலும் அழிக்கச் சொல்வேன். நகையை அடகு வைத்த குடும்பம் அதில் சிக்கினால் மீள வழியே கிடையாது.

தேர்வு அறைக்குள் போகும் பொருள்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பாஸ்போர்ட், லேபிள் கிழித்த தெளிவான தண்ணீர் பாட்டில், காகிதத்தில் எழுதிய காலத்தில் பென்சிலும் ரப்பரும். கைக்கடிகாரம் கூடாது, போன் வெளியே. பிடிஇ என்ற இன்னொரு ஆங்கிலத் தேர்வில் கண்டிப்பு இன்னும் அதிகம். சட்டைக் கையை மடித்துக் காட்டச் சொல்வார்கள், பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டச் சொல்வார்கள், மூக்குக் கண்ணாடியை வாங்கிப் பார்ப்பார்கள், அகலமான நகையைக் கழற்றச் சொல்வார்கள். முந்தைய நாளே வீட்டில் கழற்றி வைத்துவிட்டால் வாசலில் கண் கலங்க வேண்டியதில்லை.

நேரத்தைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். கேட்டல், வாசித்தல், எழுதுதல் மூன்றும் இடைவேளை இல்லாமல் ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம். கழிப்பறைக்குப் போகலாம், ஆனால் கடிகாரம் நிற்காது, கேட்டல் ஓடும்போது போனால் போன கேள்வி போனதுதான். காகிதத் தேர்வில் கேட்டல் முடிந்ததும் விடைகளை மாற்றி எழுத 10 நிமிடம் தந்தார்கள், கணினித் தேர்வில் சரிபார்க்க 2 நிமிடம்தான். வாசித்தலில் 40 கேள்விக்கு 60 நிமிடம், மாற்றி எழுதத் தனி நேரம் கிடையாது. காகிதத்தில் பழகிவிட்டுக் கணினியில் உட்காருபவர் அந்த 10 நிமிடத்தை நம்பி ஏமாறுவார். இரண்டு சொல்லுக்கு மேல் எழுதாதே என்று கேள்வியில் போட்டிருந்தால் மூன்று சொல் எழுதிய சரியான விடையும் தவறுதான். எழுத்துப் பிழைக்கும் அதே கதி.

அதனால் மாதத்தில் ஒரு ஞாயிறு என் அறையில் ஒத்திகை. காலையில் இட்லி, தண்ணீர் அளவோடு. போன்கள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில். இரண்டே முக்கால் மணி நேரம் யாரும் பேசக் கூடாது, நானும் பேச மாட்டேன். பக்கத்தில் ரயில் ஹாரன் அடிக்கும், கீழே டீக்கடையில் பாட்டு ஓடும். முன்பெல்லாம் அந்தச் சத்தம் எனக்குக் குறையாகத் தெரிந்தது. இப்போது இல்லை. தேர்வு மையத்தில் பக்கத்து இருக்கைக்காரர் கீபோர்டை இடிப்பார், இருமுவார். ரயிலுக்கு நடுவே கேட்டுப் பழகிய காது அதற்கெல்லாம் அசையாது.

மாமல்லபுரத்து வழிகாட்டி ஒருவர் 2016-இல் வந்தார். ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு, கடற்கரைக் கோயில் என்று இருபது வருடமாக வெள்ளைக்காரர்களுக்கு விளக்கிச் சொல்பவர். கனடாவில் இருக்கும் அண்ணனிடம் போக வேண்டும். அவர் பேசினால் நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். ஆனால் என் கேள்வி எதுவாக இருந்தாலும் மூன்றாவது வாக்கியத்தில் பல்லவர் வந்துவிடுவார்கள். உங்களுக்குப் பிடித்த உணவைப் பற்றிச் சொல்லுங்கள் என்றால் மகேந்திரவர்மன் காலத்து உணவு என்று ஆரம்பிப்பார். மனப்பாடமாக ஒப்பிப்பதைத் தேர்வாளர் கண்டுபிடித்துவிடுவார். நடுவில் நிறுத்திக் கேள்வியை மாற்றுவார், ஒப்பித்த பகுதி மதிப்பெண்ணுக்கு உதவாது. அவருக்கு நான் கொடுத்த பயிற்சி, கோயிலுக்கு வெளியே நடப்பதைப் பற்றி மட்டும் பேசுவது. இளநீர் விற்பவரிடம் பேரம், மகளுடைய பள்ளிக்கூடம், நேற்று அடித்த மழை. முதல் வாரம் அவருக்கு வார்த்தையே வரவில்லை. "இருபது வருஷமா இங்கிலீஷ் பேசறேன், ஒரு நாளும் என்னைப் பத்திப் பேசினதில்லம்மா" என்றார். பேச்சில் 7.5 வாங்கினார். எழுத்துக்காக இன்னும் இரண்டு முறை உட்கார வேண்டியிருந்தது.

தேவனேரிப் பக்கத்திலிருந்து ஒரு மீனவக் குடும்பத்துப் பெண்ணும் வந்தாள். புருஷன் லண்டனில் ஓட்டல் சமையல்காரர். கணவனிடம் போய்ச் சேர வேண்டுமானாலும் மனைவிக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்று பிரிட்டன் 2010 நவம்பரில் விதி கொண்டு வந்தது. போகும்போது ஏ1 நிலை, இரண்டரை வருடம் கழித்து ஏ2, அங்கேயே நிலைக்க பி1 என்று படிப்படியாக. இதற்கென்று லைஃப் ஸ்கில்ஸ் என்ற தேர்வு 2015 ஏப்ரலில் வந்தது. எழுத்து கிடையாது, வாசிப்பு கிடையாது. பேச்சும் கேட்டலும் மட்டும். மதிப்பெண்ணும் கிடையாது, தேர்ச்சி அல்லது தோல்வி. ஏ1 என்றால் 16-18 நிமிடம்.

அதில் பலருக்குத் தெரியாத ஏற்பாடு ஒன்று உண்டு. தேர்வாளர் முன்னால் இரண்டு பேர் சேர்ந்து உட்கார வேண்டும், ஒருவரோடு ஒருவரும் பேச வேண்டும். கூட உட்காருபவர் யார் என்று முன்பே தெரியாது. இவள் எட்டாம் வகுப்போடு நின்றவள், கூடையைத் தலையில் வைத்துத் திருப்போரூர் வரைக்கும் மீன் விற்றவள். தெரியாத ஆளிடம் பேச அவளுக்குக் கூச்சமே கிடையாது. என் வகுப்பில் இருந்த எம்.ஏ. படித்த பிள்ளைகளைவிட அந்த விஷயத்தில் அவள் கெட்டிக்காரி. வாரம் ஒரு புது ஆளைக் கொண்டுவந்து அவள் எதிரில் உட்கார வைத்தேன். டீக்கடைப் பையன், பக்கத்து வீட்டுப் பாட்டி, கல்பாக்கத்தில் வேலை பார்க்கும் வடநாட்டுக்காரர் ஒருவர். தேர்வன்று அவளுக்கு வாய்த்தது ஒரு பஞ்சாபிப் பெண். அந்தப் பெண் பயத்தில் வாயே திறக்கவில்லையாம். இவள்தான் மெதுவாகக் கேள்வி கேட்டு, தலையாட்டி, சிரித்து, அவளைப் பேச வைத்திருக்கிறாள். இரண்டு பேருமே தேறினார்கள்.

பச்சைக் குழந்தையோடு வந்த நர்ஸ் ஒருத்தியால்தான் சிறப்பு ஏற்பாடு கேட்டால் கிடைக்கும் என்பது எனக்குத் தெரிய வந்தது. குழந்தைக்கு மூன்று மாதம், தாய்ப்பால் மட்டும். இரண்டே முக்கால் மணி நேரம் அவளால் தாங்க முடியாது. தேதியைத் தள்ளிப்போட்டால் வேலை ஆணை காலாவதி ஆகிவிடும். பார்வை, செவித்திறன், எழுதும் கை என்று உடல் காரணங்களுக்குச் சிறப்பு ஏற்பாடு கேட்கலாம் என்று படித்திருந்தேன். இதற்கும் கேட்கலாமா என்று மருத்துவர் சான்றை இணைத்து வாரக்கணக்கில் முன்பே எழுதினோம். இடையில் போய்ப் பால் கொடுத்துவிட்டு வர அனுமதி கிடைத்தது. அவள் மாமியார் குழந்தையோடு வெளி அறையில் உட்கார்ந்திருந்தார். பிரெயில் தாள், பெரிய எழுத்துத் தாள், கூடுதல் நேரம் எல்லாமே உண்டு. ஆனால் தேர்வன்று வாசலில் கேட்டால் கிடையாது. இந்த ஒரு செய்தி தெரியாமல் எத்தனை பேர் முயற்சியே செய்யாமல் விட்டிருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் மனசு கேட்பதில்லை.

ஐஇஎல்டிஎஸ் கட்டணம் 2025-இல் 18,000 ரூபாய் அளவில் இருந்தது. மருத்துவத் துறையினருக்கான ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வுக்கு அதைவிட அதிகம். பிரிட்டன் நர்சிங் கவுன்சில் 2017 நவம்பரில் அதை ஏற்றுக்கொண்டதும் என் நர்ஸ்கள் பாதிப் பேர் அந்தப் பக்கம் போனார்கள். பருவநிலை மாற்றத்தைப் பற்றிக் கட்டுரை எழுதத் திணறுபவள், நோயாளியை அடுத்த மருத்துவமனைக்கு அனுப்பும் கடிதத்தை அழகாக எழுதுவாள். 2018 டிசம்பரில் ஐஇஎல்டிஎஸ் எழுத்துக்கு 7-க்குப் பதில் 6.5 போதும் என்று அதே கவுன்சில் தளர்த்தியபோது, அரை மதிப்பெண்ணில் நின்றிருந்த நான்கு பேருக்கு அன்று ராத்திரியே போன் செய்தேன். ஒருத்தியின் சான்றிதழ் இரண்டு வருடம் தாண்டியிருந்தது. அது செல்லாது. மறுபடி முதலிலிருந்து.

கடைசியாகப் போக்குவரத்து. செங்கல்பட்டிலிருந்து எழும்பூர் 56 கிலோமீட்டர். எட்டரைக்கு உள்ளே இருக்க வேண்டும் என்றால், அதிகாலை ரயிலில் ஏறுவதைவிட முந்தைய நாளே சென்னைக்குப் போய்ச் சொந்தக்காரர் வீட்டில் படு என்பேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், தாம்பரம் எல்லாம் மூழ்கி, இங்கிருந்து சென்னைக்குப் போக வழியே இல்லாமல் இருந்தது. 2024 ஜூலை, ஆகஸ்டில் தாம்பரம் யார்டு வேலைக்காக வாரக்கணக்கில் மின்சார ரயில்களை ரத்து செய்தார்கள். வாசலில் தாமதத்துக்குக் காரணம் கேட்பதில்லை, நேரம் மட்டும்தான் பார்ப்பார்கள். சென்னையில் சொந்தக்காரர் இல்லாதவர்களுக்கு என் தங்கை வீடு மேற்கு மாம்பலத்தில் இருக்கிறது. பதினைந்து வருடத்தில் அவள் வீட்டுக் கூடத்தில் படுத்து எழுந்து போன பிள்ளைகளை எண்ணி மாளாது.

இப்போது என்னிடம் படிப்பவர் மாமல்லபுரத்துச் சிற்பி. 1957-இல் தொடங்கிய சிற்பக் கல்லூரியில் படித்து, முப்பது வருடமாகக் கருங்கல்லில் வேலை செய்பவர். கல்தச்சர் வேலைக்கு ஆஸ்திரேலியாவில் இடம் இருக்கிறது என்று மருமகன் சொல்லியிருக்கிறார். ஆங்கிலம் மெல்ல வருகிறது, வந்துவிடும். என் கவலை அவர் கைதான். உளியும் கல்தூளும் தேய்த்துத் தேய்த்து விரல் நுனி வழவழவென்று ஆகிவிட்டது. ஆதாருக்கே ஐந்து முறை வைத்துப் பார்த்தார்களாம். தேர்வு மையத்துக்கு முன்கூட்டியே எழுதிவிட்டேன், வேறு விரலை வைத்துப் பார்ப்போம் என்று பதில் வந்திருக்கிறது. நானும் அவரை ராத்திரி தேங்காய் எண்ணெய் தேய்க்கச் சொல்லியிருக்கிறேன். கொஞ்ச நாள் கல்லைத் தொடாமல் இருந்தால் ரேகை சற்று மேலே வரும்.

வெள்ளிக்கிழமை தேர்வு. முந்தைய வெள்ளியோடு உளியை வைத்துவிடுங்கள் ஐயா என்றேன். ஒரு நந்தி பாதியில் நிற்கிறதாம், கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்துவிட்டார்களாம்.

"மெருகு மட்டும் போடட்டுமாம்மா? வாட்டர் பேப்பர்தான். உளி எடுக்க மாட்டேன்."

வாட்டர் பேப்பரும் தேய்க்கும் என்றேன். கையைத் திருப்பி ஒரு முறை பார்த்துக்கொண்டார். நந்திக்கு மெருகு போடத் தம்பி மகனை வரச்சொல்வதாகச் சொல்லிவிட்டு, நான் கேட்பதற்கு முன்பே சட்டைப் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.